ஆயிரம் மைக்ரோவேவ் அடுப்பைச் சேர்த்தால் ஒரு ஜைரோட்ரான் ஆகுமா?

கடைசிபெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு அணுக்கரு இணைவு உலைகளை எடுத்துத் தொலைத்துவிட்டேன். படித்துக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டது.

பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் சூடான வாயுவை, மேலும் சூடாக்க மைக்ரோவேவ் அனுப்புகிறார்கள். அதை உண்டாக்கும் கருவிக்கு ஜைரோட்ரான் என்று பெயர். பிரான்சில் கட்டிக்கொண்டிருக்கும் ஐட்டர் உலைக்கு முதலில் போட்ட திட்டத்தில் 24 ஜைரோட்ரான்கள். ஒவ்வொன்றும் 170 கிகாஹெர்ட்ஸ், 1 மெகாவாட். நம் வீட்டு அடுப்பில் இருக்கும் மேக்னெட்ரான் ஏறக்குறைய 1 கிலோவாட் தருகிறது. அப்படியானால் ஆயிரம் மேக்னெட்ரானை வரிசையாக அடுக்கினால் வேலை முடிந்ததே? எதற்கு இவ்வளவு விலையில் தனியாக ஒரு கருவி? கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

பழையவால்வு:

தம்பி, முட்டாள்தனம் ஒன்றுமில்லை. நான் 31 வருடம் வானொலி டிரான்ஸ்மிட்டர்களோடு குப்பை கொட்டியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உன் வீட்டு அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மேக்னெட்ரான், கிளைஸ்ட்ரான் என்று எந்த மைக்ரோவேவ் வால்வை எடுத்தாலும், உள்ளே இருக்கும் குழிகளும் இடைவெளிகளும் அலைநீளத்தை ஒட்டியே அமையும். அலை குறுகினால் வால்வும் குறுகியே ஆகவேண்டும். 170 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.76 மில்லிமீட்டர். கடுகளவு குழிக்குள் எத்தனை வாட் போடுவாய்? ஒரு மெகாவாட் போட்டால் செம்பு உருகாது, ஆவியாகிவிடும்.

சரி, 2.45-லேயே ஆயிரம் அடுப்பை அடுக்கலாமே என்றால், அந்த அலை பிளாஸ்மாவுக்குள் நுழையாது. அடர்த்தியான பிளாஸ்மா குறைந்த அதிர்வெண்ணைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடும். சிற்றலை வானொலி அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புகிறதே, அதே சங்கதிதான். ஜைரோட்ரான் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பது எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். ஊதாச்சுடர் இந்தப் பக்கம் வந்தால் சொல்லட்டும்.

ஊதாச்சுடர்:

வந்துவிட்டேன் சார். ஐரோப்பாவில் ஒரு பிளாஸ்மா ஆய்வகத்தில் சூடாக்கும் பிரிவில் வேலை. எந்த ஆய்வகம் என்று கேட்காதீர்கள், காரணம் கீழே வரும் கதையில் புரியும்.

ஜைரோட்ரானின் சூட்சுமம் இதுதான்: அதிர்வெண்ணை முடிவு செய்வது குழியின் நுணுக்கமான அமைப்பு அல்ல, காந்தப்புலம். காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுற்றும். ஒரு டெஸ்லாவுக்கு நொடிக்கு 28 கிகா சுற்று. 170 வேண்டுமா, 6 டெஸ்லாவுக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும் என்று கணக்கு வரும். ஆனால் எலக்ட்ரான்கள் 80 கிலோவோல்ட்டில் ஒளியின் வேகத்தில் பாதியில் ஓடுவதால் நிறை கூடி, சுற்று மெதுவாகிறது. ஆகவே உண்மையில் 7 டெஸ்லாவை நெருங்கும் மீக்கடத்திக் காந்தம் தேவை.

குழி என்று பார்த்தால் வழவழப்பான ஒரு செம்புக் குழாய்தான். பெரிய ஜைரோட்ரான்களில் விட்டம் 4 சென்டிமீட்டர் போல இருக்கும். 1.76 மில்லிமீட்டர் அலைக்கு அது மைதானம். அதனால்தான் ஒரு மெகாவாட்டைத் தாங்குகிறது.

மிளகாய்ப்பொடி:

> நிறை கூடி, சுற்று மெதுவாகிறது

80 கிலோவோல்ட்டுக்கெல்லாம் ஐன்ஸ்டீனைக் கூப்பிடுகிறீர்களா? கொஞ்சம் ஓவராகத் தெரிகிறதே.

ஊதாச்சுடர்:

எலக்ட்ரானின் ஓய்வுநிலை ஆற்றல் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட். 80-ஐ 511-ஆல் வகுத்தால் 0.157. கிட்டத்தட்ட 16 சதவீதம். இதை எப்படி விட்டுவிட முடியும்?

சொல்லப்போனால் அந்த 16 சதவீதம் இல்லாவிட்டால் ஜைரோட்ரானே இல்லை. கும்மியை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் கை தட்டினால் வெறும் சலசலப்பு. எலக்ட்ரான்கள் குழிக்குள் நுழையும்போது இந்த நிலைதான்: எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன, ஆனால் சுற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில். அங்கே இருக்கும் அலை சிலவற்றுக்கு ஆற்றல் கொடுக்கிறது, சிலவற்றிடமிருந்து பிடுங்குகிறது. வாங்கியவை கனத்துப்போய்ப் பின்தங்கும். கொடுத்தவை லேசாகி முன்னால் ஓடும். கொஞ்ச தூரத்துக்குள் எல்லாம் ஒரு கொத்தாகச் சேர்ந்துவிடும். அப்புறம் தட்டல் ஒரே தாளம். சுற்றும் வேகத்தைவிட அலையின் அதிர்வெண் ஒரு இம்மி கூடுதலாக இருக்கும்படி காந்தத்தைச் சரிசெய்தால், கொத்து முழுவதும் அலைக்கு ஆற்றலைக் கொடுக்கும் பக்கத்தில் போய் நிற்கும். நிறை மாறவில்லை என்றால் கொத்து சேராது. கொடுத்ததும் வாங்கியதும் கழிந்து பூஜ்யம்தான் மிஞ்சும்.

மிளகாய்ப்பொடி:

சரி, ஒத்துக்கொண்டேன். கும்மி உதாரணத்துக்காக.

பழையவால்வு:

இதன் வரலாறு சுவாரசியமானது. 1950-களின் கடைசியில் இந்த யோசனை மூன்று இடங்களில் தனித்தனியாக முளைத்தது. ஆஸ்திரேலியாவில் டுவிஸ், அமெரிக்காவில் ஷ்னைடர், சோவியத் ஒன்றியத்தின் கார்க்கி நகரில் கபோனோவ். காகிதத்தில் மூன்று பேருக்கும் பங்கு உண்டு. ஆனால் விடாப்பிடியாகக் கருவியாக்கியது கார்க்கிக்காரர்கள். 1964-இல் அங்கே ஓடிய முதல் ஜைரோட்ரான் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? 6 வாட். ராத்திரி விளக்குக்குக்கூடப் பத்தாது.

கார்க்கி அப்போது வெளிநாட்டவர் நுழைய முடியாத மூடிய நகரம். பிற்பாடு அரசை எதிர்த்த இயற்பியலாளர் சாகரோவை ஊர்கடத்தி வைத்திருந்தார்களே, அதே ஊர். இன்று நீஷ்னி நோவ்கரத். ஐட்டரின் 24-இல் ரஷ்யாவின் பங்கு 8, ஜப்பான் 8, ஐரோப்பா 6, இந்தியா 2.

கடைசிபெஞ்ச்:

நன்றி சார், நன்றி அண்ணா. 6 வாட்டிலிருந்து ஒரு மெகாவாட்டுக்கு வர எது தடையாக இருந்தது? காந்தமா?

ஊதாச்சுடர்:

காந்தமும்தான், ஆனால் முக்கியமாகச் சூடு. அலையை உண்டாக்குவது ஒரு பாடு என்றால், உண்டான அலையையும் மிஞ்சிய ஆற்றலையும் வெளியே தள்ளுவது பத்துப் பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், செமினாருக்கு உதவும்.

முதலில் குழி. அதன் சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவாட் வரை இறங்கும். சூரியனின் மேற்பரப்பிலிருந்து கிளம்புவது 6.3 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரு செம்புக் குழாய் அரைமணி நேரம் தாங்கவேண்டும். பின்பக்கம் தண்ணீர் அழுத்தத்தோடு பாய்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்து கலெக்டர், அதாவது எலக்ட்ரான் கற்றை கடைசியில் போய் விழும் பாத்திரம். 80 கிலோவோல்ட், 40 ஆம்பியர். பெருக்கினால் 3.2 மெகாவாட் உள்ளே போகிறது. வெளியே வருவது 1 மெகாவாட். மீதி 2.2 எங்கே? வேலை முடித்த எலக்ட்ரான் கற்றை அப்படியே கலெக்டரின் சுவரில் போய் மோதும். ஒரே இடத்தில் மோதவிட்டால் ஓட்டை விழும். அதனால் வெளியே சுருள்களை வைத்துக் கற்றையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், தோசைக்கல்லில் மாவைப் பரப்புவது போல. 1990-களில் ஜப்பானியர்கள் இன்னொரு வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: கலெக்டருக்கு முன்னால் எதிர்மின்னழுத்தம் கொடுத்து, மோதும் முன்பே எலக்ட்ரானுக்குப் பிரேக் போடுவது. 30 கிலோவோல்ட் பிரேக் போட்டால், மின்வழங்கி கொடுக்கவேண்டியது 50 கிலோவோல்ட்தான். 50-ஐ 40-ஆல் பெருக்கினால் 2 மெகாவாட். திறன் 31 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 50. 2007 வாக்கில் ஜப்பானின் நாகா நகரில் ஒரு குழு 170 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாவாட்டை 800 நொடி ஓட்டி, 55 சதவீதம் காட்டியது.

கடைசியாக ஜன்னல். இது எனக்குப் பிடித்த பகுதி. ஜைரோட்ரானுக்குள் வெற்றிடம். அலை வெளியே வர ஒரு தகடு வேண்டும். வெற்றிடத்தை அடைக்கவேண்டும், அலையை விடவேண்டும், தான் சூடாகக்கூடாது. போரான் நைட்ரைடு வைத்துப் பார்த்தார்கள், சில நொடிகளில் கொதித்துவிடும். சபையர் தகட்டைத் திரவ நைட்ரஜனில் குளிர வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் வந்து நின்ற இடம் வைரம். ஆமாம், நிஜமான வைரம்தான். ஆய்வகத்தில் வாயுவிலிருந்து வளர்த்த தகடு, 10 சென்டிமீட்டர் விட்டம். செம்பைப் போல் 5 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஒரு மெகாவாட் அதைக் கடந்து போகும்போது தகட்டில் தங்குவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. ஓரத்தில் தண்ணீர் ஓடினாலே போதும்.

பழையவால்வு:

எங்கள் காலத்தில் டிரான்ஸ்மிட்டர் வால்வைக் குளிரவைத்த வெந்நீரில் குளிக்கலாமா என்று கேலி பேசுவோம். இங்கே வைரத்துக்கு ஓரத்தில் தண்ணீர்!

மிளகாய்ப்பொடி:

எந்த ஆய்வகம் என்று கேட்கக்கூடாது என்றீர்களே, அந்தக் கதை எங்கே?

ஊதாச்சுடர்:

மறப்பீர்கள் என்று நினைத்தேன்.

ஜைரோட்ரானிலிருந்து உலைக்கு அலை பல பத்து மீட்டர் போகவேண்டும். சில இடங்களில் உள்பக்கம் வரி வரியாக வெட்டிய குழாய், சில இடங்களில் வெறும் காற்றில் அலையைத் திருப்பிவிடும் கண்ணாடிக்குக் கண்ணாடி. எங்களுடையது இரண்டும் கலந்தது. ஒரு நாள் காலை முழு வலுவில் ஓட்டத் தொடங்கி இரண்டாவது நொடியில் 'ஆர்க்' (மின்பொறி) எச்சரிக்கை. ஒளி உணரி சில மைக்ரோநொடிகளில் மின்னழுத்தத்தை வெட்டிவிட்டது. மறுபடி ஓட்டினோம், மறுபடி வெட்டியது. நான் பெரிய அறிவாளி மாதிரி, உணரிதான் பழுது என்று சொல்லி மூன்றாவது முறை ஓட்டச் சொன்னேன். திறந்து பார்த்தால் ஒரு கண்ணாடியின் நடுவே கருப்புத் திட்டு. அதன் மேல் கருகிய ஈ. அலை குவியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது பாவம். கண்ணாடியை மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி சீர்படுத்த மூன்று வாரம். நல்லவேளை, வைரம் தப்பியது. அன்றிலிருந்து என் பெயர் அங்கே ஈதான்.

நீலக்குறிஞ்சி:

வணக்கம். நான் வேதியியல் பக்கம். எங்கள் துறையில் ஜைரோட்ரான் குட்டியாக வரும் என்று சொல்ல வந்தேன், ஈ கதையில் சிரித்துச் சொல்ல வந்ததை மறந்துவிட்டேன்.

என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவியில் புரோட்டானிலிருந்து வரும் சைகை மிகவும் சன்னமானது. எலக்ட்ரானின் காந்தத்தன்மை புரோட்டானைப் போல் 658 மடங்கு. அதை மைக்ரோவேவ் கொண்டு புரோட்டானுக்கு மாற்றிவிட்டால் சைகை பல மடங்காகிவிடும். இதற்கு வேண்டிய அதிர்வெண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம்: 400 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் 400-ஐ 658-ஆல் பெருக்குங்கள், 263 கிகாஹெர்ட்ஸ். அங்கே சில பத்து வாட்டை நாள்கணக்கில் அசையாமல் தருவதற்கு ஜைரோட்ரான்தான் கைகொடுத்தது. எம்.ஐ.டி.யில் கிரிஃபின் குழு 1990-களின் தொடக்கத்தில் 140 கிகாஹெர்ட்ஸில் செய்துகாட்டியது. இப்போது புரூக்கர் நிறுவனம் கடைச்சரக்காகவே விற்கிறது. செல்சவ்வுப் புரதங்கள், மூளையில் படியும் அமிலாய்டு இழைகள் போன்ற படிகமாகாத முரட்டுச் சரக்குகளுக்கு இது பெரிய வரம்.

கடைசிபெஞ்ச்:

அக்கா, அப்போது மெகாவாட் தேவையே இல்லாத இடத்திலும் ஜைரோட்ரான் இருக்கிறதா!

நீலக்குறிஞ்சி:

இருக்கிறது தம்பி. எங்களுக்கு மெகாவாட் வந்தால் மாதிரிப்பொருள் புட்டு மாதிரி வெந்துவிடும்.

மிளகாய்ப்பொடி:

நல்லதையெல்லாம் சொல்லிவிட்டீர்கள். அமெரிக்க ராணுவம் இதே கருவியைக் கூட்டத்தைக் கலைக்கும் ஆயுதமாகச் செய்ததை யாரும் எழுதவில்லையே. 95 கிகாஹெர்ட்ஸ், சுமார் 100 கிலோவாட். தோலில் 0.4 மில்லிமீட்டர்தான் நுழையும், ஆனால் வலி நரம்புகள் அங்கேதான் இருக்கின்றன. நெருப்பில் நிற்பது போல எரியும், ஓடிவிடுவார்கள். 2010-இல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய், பயன்படுத்தாமலே திருப்பிக் கொண்டுவந்தார்கள். காயம் இல்லாமல் வலி மட்டும் தரும் கருவி என்பது எனக்கு நிம்மதி தரவில்லை. வடு இல்லாவிட்டால் புகாரும் இல்லை.

இன்னொன்று, பூமியைத் துளைக்கப் போகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அதுவும் கதையா?

ஊதாச்சுடர்:

ஆயுதம் பற்றிய உங்கள் கருத்தோடு எனக்குச் சண்டையில்லை.

துளைப்பது கதை இல்லை, ஆனால் சொல்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. எம்.ஐ.டி.யின் பால் வோஸ்கோவ் கருங்கல்லை ஜைரோட்ரான் கற்றையால் ஆவியாக்கிக் காட்டினார். அதை வைத்துக் குவெய்ஸ் என்ற நிறுவனம் 2018-இல் தொடங்கியது. ஆழத்தில் இருக்கும் சூட்டை எடுத்து மின்சாரம் செய்வது நோக்கம். 2025-இல் டெக்சாசில் கிரானைட்டில் 100 மீட்டரை எட்டினார்கள். இலக்கோ பல கிலோமீட்டர். சோவியத்தினர் கோலா தீபகற்பத்தில் சாதாரணத் துளைக்கருவியால் 12,262 மீட்டர் போக இருபது வருடம் ஆயிற்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

நானே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கன சென்டிமீட்டர் பாறையை ஆவியாக்க ஏறக்குறைய 25 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு மீட்டர் துளைக்க 7,850 கன சென்டிமீட்டர், சுமார் 200 மெகாஜூல். ஒரு மெகாவாட் முழுதாகப் பாறைக்குப் போனால் மீட்டருக்கு 200 நொடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கற்றையைப் பத்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழாயில் இறக்கவேண்டும், ஆவியான பாறையை வாயு அடித்து மேலே கொண்டுவரவேண்டும், வழியில் ஆர்க் அடிக்கக்கூடாது. எனக்கு ஒரு ஈயே மூன்று வாரம்.

பழையவால்வு:

மற்ற உபயோகங்களையும் பேருக்குச் சொல்லிவிடலாம். செராமிக்கை ஒரே சீராகச் சுட 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸ். கனமான அயனிகளை முடுக்கிகளுக்குத் தரும் மூலங்களில் 28 கிகாஹெர்ட்ஸ். பெர்க்லியின் வீனஸ் அப்படி ஒன்று. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இதன் உறவுக்காரக் குழாய் ஒன்றை 94 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு வைத்து மேகங்களைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். ஐட்டருக்கு 170, ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் இணைவுக் கருவிக்கு 140 என்று ஏன் ஆளுக்கொரு எண்? ஒரே அச்சில் வார்த்தால் மலிவாகுமே.

ஊதாச்சுடர்:

அங்கேயும் அதே 28 விதி சார். பிளாஸ்மாவுக்குள் இருக்கும் எலக்ட்ரானும் காந்தப்புலத்தில்தான் சுற்றுகிறது. அது சுற்றும் எண்ணோடு அலை ஒத்துப்போகும் இடத்தில்தான் ஆற்றல் இறங்கும். வெண்டல்ஸ்டைனில் 2.5 டெஸ்லா. 28-ஆல் பெருக்கினால் 70, அதன் இரட்டிப்பு 140. ஐட்டர் போன்ற வளைய வடிவ டோகமாக் உலையில் காந்தப்புலம் உள்பக்கம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. ஆகவே அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது சூடு எந்த இடத்தில் விழவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும்தான். கண்ணாடியைத் திருப்பிச் சில சென்டிமீட்டர் அகலத்தில் குறிவைத்து, பிளாஸ்மாவுக்குள் முளைக்கும் காந்தத் தீவுகளை (காந்தக்கோடுகள் தனியாகச் சுருண்டு சூட்டைக் கசியவிடும் இடங்களை) வளரும் முன்பே அடக்கலாம். வேறு எந்தச் சூடாக்கும் முறைக்கும் இந்தக் குறி கிடையாது.

2016 பிப்ரவரி 3 அன்று வெண்டல்ஸ்டைனில் அப்போதைய ஜெர்மன் சான்சலர் அங்கேலா மெர்க்கெல் பொத்தானை அழுத்தித் தொடங்கிய ஹைட்ரஜன் பிளாஸ்மாவை 8 கோடி டிகிரிக்குக் கொண்டுபோனது 2 மெகாவாட் மைக்ரோவேவ். கால் நொடி நின்றது. 2023 பிப்ரவரியில் அதே கருவியில் 8 நிமிடம். ஐட்டரும் 2024-இல் சொன்ன மாற்றுத் திட்டத்தில் பெரிலியம் சுவரை விட்டு டங்ஸ்டனுக்குப் போனபோது மைக்ரோவேவ் பங்கைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

கடைசிபெஞ்ச்:

நம் நாட்டில் யாராவது செய்கிறார்களா? செமினாரில் கட்டாயம் கேட்பார்கள்.

பழையவால்வு:

காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி.-1 டோகமாக்கில் 42 கிகாஹெர்ட்ஸ், 82.6 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு உண்டு. 42-ஐ 28-ஆல் வகுத்துப் பார், 1.5 டெஸ்லா. அந்த டோகமாக் 1.5 டெஸ்லாவில் ஓடியது; ஊதாச்சுடர் சொன்ன விதி சரியாகப் பொருந்துகிறது. உள்நாட்டிலேயே உருவாக்க பிலானியின் மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை மையமாக வைத்து, 42 கிகாஹெர்ட்ஸ், 200 கிலோவாட் என்ற இலக்கோடு ஒரு கூட்டுத் திட்டம் போட்டார்கள். காந்திநகர், காசி இந்துப் பல்கலை, ரூர்க்கி ஐ.ஐ.டி., சமீர் ஆய்வு நிறுவனம் எல்லாம் அதில் பங்கு. வால்வு செய்வது என்பது வெற்றிடம், பிரேசிங், கேத்தோடு என்று கைப்பழக்கத்தில் வரும் தொழில். வரைபடம் மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது. அந்தக் கை இருக்கிறவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கவலை, என்னையும் சேர்த்து.

கடைசிபெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வைர ஜன்னலின் தடிமன் 1.8 மில்லிமீட்டர் என்று ஓரிடத்திலும் 1.853 என்று ஓரிடத்திலும் படித்தேன். வைரத்தில் என்ன இவ்வளவு துல்லியம்?

ஊதாச்சுடர்:

அலை தகட்டில் பட்டுத் திரும்பி வந்து ஜைரோட்ரானுக்குள் நுழைந்தால் உள்ளே குழப்பம். தடிமன் வைரத்துக்குள் இருக்கும் அரை அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கழித்துவிடும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.38. மீதியை நீயே போட்டுப் பார்.

கடைசிபெஞ்ச்:

போட்டுவிட்டேன் அண்ணா, ஹாஸ்டலில் மின்சாரம் போய் மொபைல் வெளிச்சத்தில்.

1.8 மில்லிமீட்டருக்கு 35 கிகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஜன்னல் திறக்கிறது. 35, 70, 105, 140. வெண்டல்ஸ்டைனின் 140 நான்காவது மடங்கு. அதே தகட்டில் 105-ம் போகுமே!

1.853-க்கு 34-க்கு ஒருமுறை. ஐந்தாவது மடங்கு 170, ஐட்டர். அப்படியானால் 102, 136, 204-க்கும் அதே ஜன்னல் திறக்கவேண்டும். யாராவது முயற்சி செய்திருக்கிறார்களா, இல்லை என் கணக்கு தப்பா?

ஊதாச்சுடர்:

கணக்கு சரி. மியூனிக் பக்கத்தில் உள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் டோகமாக்கில் ஒரே ஜைரோட்ரானை 105-லும் 140-லும் ஓட்டுகிறார்கள். ஜப்பானில் நாகா குழு ஒரே குழாயில் 104, 137, 170, 203 நான்கையும் எடுத்துக் காட்டியது. உன் எண்களோடு ஒப்பிட்டுப் பார்.

பழையவால்வு:

தம்பி, இந்தக் கணக்கைக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டு. ஸ்லைடு வேண்டாம். மின்சாரம் வந்துவிட்டதா?